96 என்று எழுதியிருந்தால் 96 கேட்குமா?

வாசகர் கேள்வி பதில்: போனில் உயர்தர ஒலி

போனில் பாட்டுக் கேட்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எண்கள் நிறைய வரும். எண்களைத் தள்ளிவைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசினால் கடைக்காரர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விடும்.

கேள்வி (இசை பயிலும் மாணவி, கல்லடி): வீணைக் கச்சேரி ஒன்றின் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் ஃபிளாக் கோப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். என் அண்ட்ரொய்ட் போனில் பிளேயர் '96' என்றுதான் காட்டுகிறது. ஆனால் அதே கச்சேரியைச் சீடியில் கேட்டதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிழை என் காதிலா, போனிலா?

பதில்: காதில் பிழை இல்லை. ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கிய கோப்பு. கிலோஹேர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளந்தார்கள் என்ற வேகம், பிட் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதினார்கள் என்பது. பிளேயர் காட்டும் 96 கோப்புக்குள் இருக்கும் எண். ஹெட்போன் துளையால் வெளியே வருவது வேறு எண்ணாக இருக்கலாம். உங்கள் போனில் அநேகமாக அது 48.

காரணம் இதுதான். அண்ட்ரொய்டில் பாட்டு, வாட்ஸ்அப் மணி, அலாரம் எல்லாம் 'ஓடியோபிளிங்கர்' என்ற ஒரே கலவைப் பகுதிக்குள் போகின்றன. வெவ்வேறு வேகத்தில் வரும் ஒலிகளைக் கலக்க வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான போன்களில் அந்தப் பொது வேகம் 48 கிலோஹேர்ட்ஸ். உங்கள் 96 அங்கே 48 ஆக இறங்குகிறது. சீடியிலிருந்து எடுத்த 44.1 கோப்பு 48 ஆக ஏறுகிறது. இரண்டும் ஒரே வாசலால்தான் வெளியே வருகின்றன.

இந்தக் கலவையைச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு. முதலில் டைப்-சி துளையில் செருகும், தனக்குள் டி.ஏ.சி. உள்ள டொங்கிள் ஒன்று வேண்டும். டி.ஏ.சி. என்பது எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப். அடுத்தது, அண்ட்ரொய்டின் கலவையைக் கேட்காமல் அந்த டொங்கிளோடு நேரே பேசும் பிளேயர். 'யூ.எஸ்.பி. ஓடியோ பிளேயர் ப்ரோ' காசுக்கு. 'ஹைபி மியூசிக்' இலவசம். டொங்கிளைச் செருகியதும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும், சரி என்று கொடுங்கள். பிறகு அமைப்புக்குள் போய் 'பிட்-பெர்ஃபெக்ட்' அல்லது 'எக்ஸ்க்ளூசிவ் யூ.எஸ்.பி.' என்று இருப்பதை இயக்குங்கள். இப்போது பாட்டை ஓடவிட்டால் டொங்கிளுக்குப் போகும் வேகம் திரையில் தெரியும். சில டொங்கிள்களில் விளக்கின் நிறமும் வேகத்துக்கு ஏற்ப மாறும். அங்கே 96 தெரிந்தால்தான் 96.

ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிட வேண்டாம். இந்த முறையில் போனின் ஒலி அளவுப் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். டொங்கிளுக்குள்ளேயே ஒலிக் கட்டுப்பாடு இல்லையென்றால் முதல் பாட்டு முழு அளவில் வெடிக்கும். ஹெட்போனைக் காதில் மாட்டாமல் மேசையில் வைத்துவிட்டு முதல் தடவை ஓடவிடுங்கள். பிளேயரின் அமைப்பில் 'ஹார்ட்வெயர் ஒலி அளவு' இருந்தால் அதைத் தெரிவுசெய்து கீழே இறக்கிக்கொள்ளுங்கள். அந்தச் செயலி டொங்கிளைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும் வரை மற்றச் செயலிகளின் சத்தம் ஹெட்போனில் வராது. அதுவும் பிழை அல்ல.

2023இல் வந்த அண்ட்ரொய்ட் 14 இந்த நேர்வழியை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆனாலும் போன் தயாரித்த நிறுவனம் அதை இயலச்செய்திருக்க வேண்டும், பிளேயரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். '14 இருக்கிறது, போதும்' என்று நினைக்க வேண்டாம்.

டொங்கிள் வாங்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. போனின் ஒலி அமைப்பில் டொல்பி அட்மொஸ், ஈக்குவலைசர், 'அப்ஸ்கேலர்' போன்றவை இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதே வீணையைத் திரும்பக் கேளுங்கள். 96இலிருந்து 48க்கு இறங்குவதைவிட இவை செய்யும் மாற்றம் காதுக்குப் பெரிது.

இனி, நேராகச் சொல்ல வேண்டியது. சீடியின் 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அதன் 44.1 கிலோஹேர்ட்ஸ் 22 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியைப் பிடிக்கும். இளம் காதின் மேல் எல்லை 20. வயது ஏற ஏற அது கீழே வரும். மின்விசிறி சுற்றும் அறையில் 24 பிட்டின் கூடுதல் அமைதியைக் கேட்க இடமே இல்லை. அதனால் எல்லாவற்றையும் சரியாக இணைத்த பிறகும் சீடிக்கும் 96க்கும் வித்தியாசம் மிக மெல்லியதாகவே இருக்கும், சில வேளை தெரியவே தெரியாது. பெரிய வித்தியாசம் கேட்டால், பெரும்பாலும் அந்த வெளியீட்டுக்காக ஒலிப்பதிவைப் புதிதாகச் சமன்செய்திருப்பார்கள். நல்ல பதிவு, இழப்பில்லாத கோப்பு, நல்ல ஹெட்போன் மூன்றும் இருந்தால் 44.1இலேயே வீணையின் மீட்டும் நகமும் நரம்பின் அதிர்வும் தனித்தனியாகக் கேட்கும்.

கேள்வி (கல்முனை): கடைத்தெருவில் டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளைக்கு மாற்றும் சிறிய வயர் ஒன்று வாங்கினேன். மச்சானின் பழைய போனில் பாடுகிறது. என் புதிய போனில் சத்தமே இல்லை. போனில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: போனில் கோளாறு இல்லை, வயரிலும் கோளாறு இல்லை. இரண்டும் வேறு வேறு இனம்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த மாற்றிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் வயர். அது போனுக்குள் இருக்கும் டி.ஏ.சி. தரும் ஒலியை டைப்-சியின் இரண்டு தரவு ஊசிகள் வழியாக வாங்கி வெளியே கொண்டுவரும். அதற்குப் போன் தன் டைப்-சி துளையில் ஒலி அலையை அனுப்பும் வசதியோடு செய்யப்பட்டிருக்க வேண்டும். சில பழைய போன்களில் அது இருந்தது. பிக்சல் போன்களிலும் அண்மைக்கால கலக்ஸிகளிலும் இல்லை. மற்ற வகையில் தலைக்குள் குட்டி டி.ஏ.சி. ஒன்று இருக்கும். அது அநேகமாக எல்லா டைப்-சி போனிலும் வேலை செய்யும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. டைப்-சி துளையுள்ள மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். ஒலிக் கருவிகளின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று வந்தால் உள்ளே டி.ஏ.சி. இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் வெறும் வயர். வாங்கும்போது பெட்டியில் 'டி.ஏ.சி.' என்றோ '24 பிட்' என்றோ எழுதியிருக்கிறதா என்று பார்த்து, உங்கள் போனிலேயே கடையில் செருகிக் கேட்டுவிட்டு காசைக் கொடுங்கள்.

டி.ஏ.சி. உள்ளதை வாங்கியும் சத்தம் வராவிட்டால் இன்னொரு காரணம் உண்டு. ஒப்போ, விவோ, ரியல்மி, வன்பிளஸ் போன்களில் பலவற்றில் 'ஓ.டி.ஜி. இணைப்பு' என்ற சுவிட்சை அமைப்புக்குள் போய் நாமே போட வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் செருகாமல் இருந்தால் அது தானாக அணைந்துவிடும். நேற்றுப் பாடியது இன்று பாடவில்லை என்ற முறைப்பாட்டில் பாதி இதுதான்.

மீதிப் பாதி துளைக்குள் சேரும் பஞ்சும் உப்பும். கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வயரைச் சற்று ஆட்டினால் சத்தம் வந்து வந்து போகிறதென்றால் போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியால் துளையின் அடியில் அமுங்கிக் கிடக்கும் பஞ்சை மெல்லக் கிளப்பி எடுங்கள். ஊசி, குண்டூசி ஒன்றும் உள்ளே போகக் கூடாது. செருகியின் உலோகத்தை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): கட்டாரிலிருக்கும் நானா புளூடூத் ஹெட்போன் ஒன்று அனுப்பியிருக்கிறார். பெட்டியில் தங்க நிறத்தில் 'ஹை-ரெஸ் ஓடியோ வயர்லெஸ்' என்று இலச்சினை உண்டு. வயர் இல்லாமலே 24/96 கேட்கலாம் என்கிறார். சரியா?

பதில்: ஓரளவு சரி. அந்த இலச்சினை, எல்டாக் போன்ற உயர்தர புளூடூத் முறை ஒன்று ஹெட்போனில் இருக்கிறது என்பதற்குச் சான்று. எல்டாக் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளும். ஆனால் அனுப்பக்கூடியது வினாடிக்கு ஆகக் கூடியது 990 கிலோபிட். உண்மையான 24/96 ஒலிக்கு அமுக்காமல் 4608 கிலோபிட் வேண்டும். சீடிக்கே 1411 வேண்டும். ஆகவே எதையாவது விட்டுவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்புகிறது. விடுவதைக் கெட்டித்தனமாகத் தெரிந்தெடுத்து விடுவதால் கேட்க நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

போனும் ஒத்துழைக்க வேண்டும். 2017இல் வந்த அண்ட்ரொய்ட் 8 முதல் எல்டாக் இயங்குதளத்தோடு வருகிறது. ஹெட்போனை இணைத்த பிறகு புளூடூத் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டு, எல்டாக் அல்லது 'எச்.டி. ஓடியோ' இயங்குகிறதா என்று பாருங்கள். வேகத்தைத் தெரிவுசெய்ய 'போன் பற்றி' என்பதற்குள் போய் 'பில்ட் எண்'ணை ஏழு தடவை தட்டுங்கள். 'டெவலப்பர் தெரிவுகள்' திறக்கும். அதற்குள் புளூடூத் ஓடியோ கோடெக்கின் கீழ் 330, 660, 990 என்று மூன்று இருக்கும். வீட்டில் 990 வைக்கலாம். கல்முனை பஸ்ஸில் ஆட்கள் நெருங்கி நிற்கையில் 990 துண்டு துண்டாக உடையும், 660 போதும். ஹெட்போனைத் திரும்ப இணைக்கும்போது இந்தத் தெரிவு பழைய நிலைக்குப் போய்விடலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு போனோடு இணைத்தால் சில ஹெட்போன்கள் எல்டாக்கைக் கைவிட்டுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நானாவின் போன் ஐபோன் என்றால் அங்கே எல்டாக் இல்லை. ஐபோன் அனுப்புவது ஏ.ஏ.சி. என்ற புளூடூத் முறையில் மட்டும், அதுவும் முடியாவிட்டால் எஸ்.பி.சி. என்ற அடிப்படை முறையில்.

கேள்வி (காத்தான்குடி): ஐபோன் 13 வைத்திருக்கிறேன். ஃபிளாக் கோப்புகளை எப்படிக் கேட்பது? வயர் எது வாங்குவது?

பதில்: அப்பிளின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது. வி.எல்.சி. அல்லது ஃபூபார்2000 செயலியில் போட்டுக் கேட்கலாம். கணினியில் ஃபிளாக்கை அப்பிளின் சொந்த வகையான ஏ.எல்.ஏ.சி. ஆக மாற்றினால் மியூசிக் செயலியிலும் ஓடும். இரண்டும் இழப்பில்லாதவை, மாற்றுவதால் ஒன்றும் குறையாது.

அப்பிளின் சிறிய லைட்னிங் மாற்றிக்குள் டி.ஏ.சி. உண்டு, 24 பிட் 48 கிலோஹேர்ட்ஸ் வரை தரும். அதற்கு மேலே போக அப்பிளின் லைட்னிங்–யூ.எஸ்.பி. கமரா மாற்றியும் தனி டி.ஏ.சி.யும் வேண்டும். ஐபோன் 15இலிருந்து டைப்-சி என்பதால் டொங்கிளை நேரே செருகலாம். அப்பிள் மியூசிக் ஓடும்போது பாட்டுக்குப் பாட்டு வேகத்தை ஐபோன் தானே மாற்றிக்கொள்ளும். அண்ட்ரொய்டில் படும் பாடு இங்கே இல்லை.

கேள்வி (ஏறாவூர்): டெலிகிராம் குழுக்களில் பழைய பாட்டுகளை '24 பிட் 192 ஃபிளாக்' என்று போடுகிறார்கள். ஒரு பாட்டே 150 எம்.பி. வருகிறது. இது அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கோப்பு பெரிதாக இருப்பது ஒரு சான்றும் அல்ல. எம்.பி.3 ஒன்றை எடுத்து 192 ஃபிளாக்காக மாற்ற எந்த இலவச மென்பொருளும் ஒரு நிமிடம்கூட எடுக்காது. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய கலனில் ஊற்றியது போலத்தான்.

கணினியில் 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கோப்பை அதற்குள் இழுத்து விடுங்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண் என்று நிறப்படம் ஒன்று வரும். கவனிக்க வேண்டியது நிறம் எந்த உயரத்தில் கத்தியால் வெட்டியது போல நிற்கிறது என்பதை. 16 கிலோஹேர்ட்ஸ் அருகே வெட்டு இருந்தால் அது 128 கிலோபிட் எம்.பி.3 அல்லது யூடியூபின் ஏ.ஏ.சி.யிலிருந்து வந்தது. 20க்கு அருகே நின்றால் 320 எம்.பி.3 ஆகவோ யூடியூபின் ஓபஸ் ஆகவோ இருக்கலாம். ஓபஸ் 20க்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை. சரியாக 22இல் வெட்டினால் சீடியை நீட்டி எடுத்திருக்கிறார்கள். கேட்பதற்குக் குறையில்லை, ஆனால் 192 என்ற பெயர் பொய். அசலான உயர்தரப் பதிவில் நிறம் 22ஐத் தாண்டி மேலே போகப் போக மெதுவாக மங்கும், வெட்டு இருக்காது.

பழைய பாட்டுகளில் இன்னொரு சிக்கல். நாடாவில் பதிந்த காலத்துப் பாட்டை இன்று 192இல் மாற்றினால் 22க்கு மேலே படத்தில் நிறம் தெரியும்தான். அதில் பெரும்பகுதி நாடாவின் இரைச்சல். படம் அசல் என்று சொன்னாலும் பாட்டு அதனால் இனிமையாகிவிடாது. மூல நாடா நல்ல நிலையில் இருந்ததா, ஓட்டியவர் பொறுமையாகச் செய்தாரா என்பவைதான் காதுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கும் இடங்களில் எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்று சொல்வார்கள். குழுக்களில் வருவதற்கு அந்த வரலாறு கிடையாது, பாடியவருக்கும் ஒரு சதம் போய்ச் சேராது.

கேள்வி (பொத்துவில்): மாதம் 30 ஜி.பி. தரவுப் பொதி போடுகிறேன். அப்பிள் மியூசிக்கில் இழப்பில்லாத தரத்தைப் போட்டால் எவ்வளவு நேரம் கேட்கலாம்?

பதில்: மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு அப்பிள் தரும் கணக்கு: 256 கிலோபிட் ஏ.ஏ.சி.யில் 6 எம்.பி., 24/48 இழப்பில்லாத தரத்தில் 36 எம்.பி., 24/192இல் 145 எம்.பி. மணிக்கு இருபது பாட்டு என்று வைத்தால் 120 எம்.பி., 720 எம்.பி., 2.9 ஜி.பி. உங்கள் 30 ஜி.பி. முறையே 250 மணி, 41 மணி, 10 மணி வரும். வேறு ஒன்றும் பார்க்காமல் இருந்தால்தான் அதுவும்.

ஓடியோ தர அமைப்பில் மொபைல் தரவு, வைஃபை, தரவிறக்கம் மூன்றுக்கும் தனித்தனித் தெரிவு உண்டு. மொபைலுக்கு 256, தரவிறக்கத்துக்கு 24/48 என்று வைத்துவிட்டு, வைஃபை உள்ள இடத்தில் விருப்பமான பாட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். 192ஐ மறந்துவிடலாம். டொங்கிள் இல்லாத போனில் அது தரவை மட்டும்தான் தின்னும்.

கேள்வி (சம்மாந்துறை): பாவித்த எல்.ஜி. வி30 மலிவாகக் கிடைக்கிறது. பாட்டுக்கென்றே வாங்கலாமா?

பதில்: அதன் 3.5 துளைக்குப் பின்னால் நல்ல டி.ஏ.சி. இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 2017ஆம் ஆண்டுப் போன். பட்டரி களைத்திருக்கும், எல்.ஜி. 2021இல் போன் தொழிலையே விட்டுவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல டொங்கிள் வாங்கினால் அடுத்த போனுக்கும் கூட வரும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஸ்டூடியோக்களில் பாவிக்கும் 250 ஓம் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். போனில் முழுதாகக் கூட்டினாலும் சத்தம் போதவில்லை. என் பழைய சிறிய இயர்போனில் பாதியிலேயே காது அடைக்கிறது. விலை கூடியது ஏன் குறைவாகப் பாடுகிறது?

பதில்: ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை. இயர்போனுக்கு வேண்டிய மின்னழுத்தம் சிறிது. 250 ஓம் ஹெட்போனுக்கு அதிகம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் ஹெட்போன் பெட்டியில் '96 டெசிபல்/மில்லிவொட்' என்பதுபோல் ஒன்று இருக்கும். ஒரு மில்லிவொட் மின்வலு கொடுத்தால் அவ்வளவு சத்தம் வரும் என்பது அதன் பொருள். போன் துளை அரை வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5இன் வர்க்கத்தை 250ஆல் வகுத்தால் 1 மில்லிவொட். அதாவது ஆக உச்சத்தில் 96 டெசிபல். சாஸ்திரிய இசைப் பதிவில் சராசரி ஒலி உச்சத்திலிருந்து 15, 20 டெசிபல் கீழே நிற்கும். நீங்கள் கேட்பது 80க்குக் கிட்ட. அமைதியான அறையில் போதும், தெருச் சத்தத்தில் போதாது. பழைய இயர்போன் 32 ஓம், 100 டெசிபல் என்றால் அதே அரை வோல்ட்டில் ஏறத்தாழ 8 மில்லிவொட், 109 டெசிபல். காது அடைத்தது இதனால்தான்.

டொங்கிள் 1 வோல்ட் தந்தால் 102, 2 வோல்ட் தந்தால் 108 டெசிபல் உச்சம் கிடைக்கும். ஆகவே 250 ஓமுக்கு 2 வோல்ட் என்று குறிப்பிட்டிருக்கும் டொங்கிளைத் தேடுங்கள். 384 கிலோஹேர்ட்ஸ், 768 கிலோஹேர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை விடுங்கள், வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்பிளின் டைப்-சி மாற்றி சிறியது, சுத்தமாகப் பாடும், பலரும் அதைச் சிபாரிசு செய்வார்கள். ஐபோனில் சரி. பல அண்ட்ரொய்ட் போன்களில் அதன் உள் ஒலி அளவு தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிடும். மேலே சொன்ன யூ.எஸ்.பி. ஓடியோ பிளேயர் ப்ரோ அதை உயர்த்திக் கொடுக்கும், ஆனால் அந்தச் செயலிக்குள் ஓடும் பாட்டுக்கு மட்டும்தான்.

சிறிய இயர்போன் பாவிப்பவர்களுக்குப் பிரச்சினை மறுபக்கம். வலு கூடிய டொங்கிளில் பாட்டில்லாத இடத்திலும் 'ஸ்ஸ்' என்று இரையும். அவர்களுக்கு வலுக் குறைந்ததே நல்லது. கையில் இருக்கும் காசில் முக்கால்வாசியை இயர்போனுக்கும் மீதியை டொங்கிளுக்கும் போடுங்கள் என்பதே எங்கள் அபிப்பிராயம். கடைகளில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

சத்தம் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் கவனிக்க: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம்.

கேள்வி (ஆரையம்பதி): போனை வீட்டு அம்பிளிஃபயருக்குக் கொடுத்துக் கேட்கிறோம். போனை சார்ஜில் போட்டதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைகிறது. வாப்பா அம்பிளிஃபயரின் பிளக்கில் பெரிய ஊசியைக் கழற்றினால் போகும் என்கிறார்.

பதில்: கழற்ற வேண்டாம். அது நில இணைப்பு. அம்பிளிஃபயரின் உள்ளே மின் கசிந்து பெட்டியில் ஏறினால் தொடுபவரைக் காப்பது அந்த ஊசிதான். 230 வோல்ட்டோடு இரைச்சலுக்காக விளையாடக் கூடாது. வாப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரைச்சல் வருவது சார்ஜரிலிருந்து. இரண்டு ஊசிச் சார்ஜர்களில் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று கசிந்து போனுக்கு வரும். பெரும்பாலும் கையில் தெரியாது. போன் அம்பிளிஃபயரோடு வயரால் இணைந்ததும் அது ஒலி வயரின் நிலக்கம்பி வழியாக அம்பிளிஃபயரின் நிலத்துக்குப் போகப் பார்க்கும். அந்த ஓட்டத்தைத்தான் ஸ்பீக்கர் இரைச்சலாகச் சொல்கிறது. சார்ஜைக் கழற்றிவிட்டுக் கேட்பது முதல் மருந்து. பவர் பேங்கில் போட்டாலும் இரைச்சல் வராது, அது சுவர் மின்னோடு இணையவில்லையே. சார்ஜிலேயே வைத்துக் கேட்க வேண்டுமென்றால், 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று விற்கும் சிறிய பெட்டியை ஒலி வயரின் நடுவே போடுங்கள். உள்ளே இரண்டு குட்டி ட்ரான்ஸ்ஃபோமர்கள். மலிவானவற்றில் தவில், மிருதங்கத்தின் அடித்தொனி சற்று மெலியும்.

போனிலோ டொங்கிளிலோ ஒலி அளவைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை அம்பிளிஃபயரில் செய்யுங்கள். போனில் குறைத்து அம்பிளிஃபயரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

கேள்வி (கொக்கட்டிச்சோலைப் பக்கம்): எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம் வருகிறது. விடிய விடிய நடக்கும். போனில் உயர்தரமாகப் பதிந்து வைக்க வேண்டும். 192இல் பதியலாமா? போன முறை பதிந்ததில் மத்தளம் வரும் இடமெல்லாம் கரகரத்து, பாட்டு அமுங்கிப் போயிற்று.

பதில்: 192 வேண்டாம், 24 பிட் 48 கிலோஹேர்ட்ஸ் வையுங்கள். கூத்துக்கு உண்மையில் உதவுவது 24 பிட். ஏன் என்று பார்ப்போம்.

போன முறை நடந்தது இரண்டு. மத்தளத்தின் அடி போனின் மைக் தாங்கும் அளவைத் தாண்டியது, அதனால் கரகரப்பு. போனின் பதிவுச் செயலி சத்தம் ஏறும்போது தானாகக் குறைத்துப் பிறகு மெதுவாக ஏற்றும், அதனால் மத்தளத்துக்குப் பின்னால் வந்த அண்ணாவியாரின் குரல் அமுங்கியது. இந்தத் தானியங்கிக் கட்டுப்பாட்டை அணைக்கவும் அமுக்காத வேவ் கோப்பாகப் பதியவும் முடிந்த செயலி ஒன்று வேண்டும். டைப்-சியில் செருகும் ஸ்டீரியோ மைக் அல்லது வெளி மைக்கைப் போனோடு இணைக்கும் சிறிய ஓடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி கிடைத்தால் இரவல் வாங்கியாவது பாவியுங்கள். வித்தியாசம் முதல் தருவிலேயே, அதாவது முதல் பாட்டிலேயே, தெரியும்.

தொடங்கும் முன் மத்தளக்காரரிடம் ஆக உரத்த அடியை ஒரு நிமிடம் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். செயலியின் ஒலிமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வைத்துவிட்டுப் பிறகு கையே வைக்க வேண்டாம். பார்க்கக் குறைவாகத் தோன்றும். 12 டெசிபல் விட்டுவைத்தால் போவது இரண்டு பிட்தான்; 22 மிச்சம் இருக்கிறது, பிறகு கணினியில் உயர்த்தலாம். 16 பிட்டில் பதிந்தால் இந்தத் தாராளம் இருக்காது. உச்சியில் ஒருமுறை வெட்டுப்பட்ட மத்தள அடியை எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது.

மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் வைக்கக் கூடாது. வட்டக்களரியில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்கும் பக்கம், இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கம்பில் கட்டுங்கள். தாளம் போடும் சல்லரிக்குப் பக்கத்தில் வைத்தால் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கச்சான் காற்று வீசும் நாளென்றால் மைக்குக்கு மயிர்ப்போர்வை கட்டாயம். வெறும் பஞ்சு உறை தாங்காது.

இடக் கணக்கு: 24/48 ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு 17 எம்.பி. அளவு, மணிக்கு 1 ஜி.பி.யைச் சற்றுத் தாண்டும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 9 ஜி.பி. ஒதுக்குங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது. நான்கு மணி நேரம் ஆகும்போது, அதாவது கூத்து உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், சில செயலிகள் பதிவை நிறுத்திவிடும். மணிக்கொரு தடவை பாத்திரங்களின் வரவு மாறும் இடைவெளியில் நிறுத்திப் புதுக் கோப்புத் தொடங்குங்கள்.

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒரு அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். இன்டர்ஃபேஸும் போனின் பட்டரியில்தான் ஓடும், விடியும் வரை தாங்காது. மின் உள்ளே வரும் வழியுள்ள டைப்-சி ஹப் ஒன்றும் பவர் பேங்கும் வேண்டும். எல்லா ஹப்பும் எல்லாப் போனோடும் ஒத்துப்போவதில்லை என்பதால், ஒத்திகை நாளில் இரண்டு மணி நேரம் முழு இணைப்போடும் ஓடவிட்டுப் பாருங்கள்.

விடிந்ததும் தூங்கப் போகும் முன் கோப்புகளைக் கணினிக்கும் தனி வன்தட்டுக்கும் பிரதி எடுங்கள். வெட்டுவது, ஒலி கூட்டுவது எல்லாம் பிரதியில்தான். காப்பதற்கு ஃபிளாக்காக மாற்றினால் இடம் பாதியளவுக்குக் குறையும், ஒலியில் ஒன்றும் குறையாது. ஊராருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப 256 ஏ.ஏ.சி. போதும். குரல் செய்தியாக அனுப்பாமல் 'ஆவணம்' என்று அனுப்புங்கள். அப்படியே போய்ச் சேரும்.